வெயிட் ஏறுனா உடம்பு தேறிடுச்சுன்னு நெனைக்காதீங்க

இந்த மாசத்துல இது மூணாவது கேஸ், அதான் இன்னைக்கு உக்காந்து எழுதிடுறேன். ஹார்ட் ஃபெயிலியர்ல, அதாவது இதயம் ரத்தத்த சரியா பம்ப் பண்ண முடியாம உடம்புல தண்ணி தேங்குற நோயில, அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆனவங்கள வீட்டுக்கே போய் பாக்குற நர்ஸ் நான். போன வாரம் ஒரு வீட்டுக்கு போறேன், அய்யா ஆஸ்பத்திரியில இருந்து வந்து 12 நாள், மக வாசல்லயே நின்னு "அப்பா நல்லா தேறிட்டாரு சிஸ்டர், முகமெல்லாம் பூசுனாப்புல ஆயிடுச்சு, 4 கிலோ ஏறியிருக்காரு"ன்னு சொல்றாங்க, அவ்ளோ சந்தோஷம் அவங்களுக்கு. உள்ள போனா அய்யா சேர்ல சாஞ்சிருக்காரு. படுத்தா மூச்சு முட்டுதுன்னு மூணு நாளா சேர்லயேதான் தூக்கமாம். முழங்காலுக்கு கீழ கட்டை விரலால அழுத்திட்டு எடுத்தேன், குழி அப்படியே நின்னுச்சு. அன்னைக்கு சாயங்காலமே திரும்ப அட்மிஷன்.

அந்த 4 கிலோவும் தண்ணிங்க. பாதி சாப்பாட்ட மிச்சம் வைக்கிற மனுஷனுக்கு 12 நாள்ல எங்கேர்ந்து 4 கிலோ சதை போடும்? ஒரு கிலோ ஏறுனா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி உடம்புல தேங்குதுன்னு வச்சுக்கோங்க. கால் வீங்கறதுக்கு முன்னாடியே பல பேருக்கு வெயிட் காட்டிக்கொடுத்துடும், அப்பவே கூப்பிட்டிருந்தா மாத்திரை டோஸ மாத்தியே சமாளிச்சிருக்கலாம். எத்தனை வீட்டுல சொல்லியாச்சு, இன்னமும் இளைச்சா பயப்படுறாங்க, ஊதுனா சந்தோஷப்படுறாங்க.

மாத்திரை டப்பாவையும் கொட்டி பாத்தேன். ஒரே மருந்து, அட்மிட் ஆகறதுக்கு முன்னாடி ஒரு கம்பெனி பேர்ல, இப்போ வேற கம்பெனி பேர்ல, ரெண்டையும் போட்டுட்டு இருந்திருக்காரு. நீர் பிரியிற மாத்திரைய மட்டும் ராத்திரி அடிக்கடி எந்திரிக்க வேண்டியிருக்குன்னு நிறுத்திட்டாராம். போதாததுக்கு மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் வேற, அது உடம்புல தண்ணியவும் உப்பையும் பிடிச்சு வைக்கும், கிட்னிக்கும் கெடுதல். தயவுசெஞ்சு நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, நீங்களா எதையும் சேக்காதீங்க. ராத்திரி தொந்தரவுன்னா காலையில போடலாமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, அவ்ளோதான். டிஸ்சார்ஜ் ஷீட்ல இல்லாத பழைய ஸ்ட்ரிப் எல்லாத்தையும் தனியா எடுத்து வச்சு முதல் செக்கப்புல காட்டுங்க, அந்த செக்கப்பும் ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள நடந்தாகணும்.

30 நாளுக்குள்ள திரும்ப வந்தா அத ரீஅட்மிஷன்னு நாங்க கணக்கு வைப்போம். அமெரிக்காவுல 2012-ல இருந்து இது அதிகமா இருக்குற ஆஸ்பத்திரிக்கு மெடிக்கேர்னு சொல்ற அரசாங்க இன்சூரன்ஸ் குடுக்குற பணத்துலயே வெட்டு விழுது. ஆனா ஆஸ்பத்திரி எவ்ளோ பாத்தாலும் தினமும் காலையில உங்க வீட்டுக்கு வந்து வெயிட் பாக்க முடியாது, அத வீட்டுல இருக்கறவங்கதான் செய்யணும்.

ஒரு வெயிட் மெஷின் வாங்கி சமமான தரையில வைங்க, மெத்தை கார்ப்பெட் மேல வேண்டாம். காலையில எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டு வந்ததும், சாப்பிடறதுக்கு முன்னாடி, அதே மாதிரி லேசான டிரெஸ்ல ஏத்தி நிறுத்தி நோட்ல தேதியோட எழுதுங்க. மூணு நாள்ல 2 கிலோ ஏறுனா செக்கப் தேதி வரட்டும்னு காத்திருக்காதீங்க, அன்னைக்கே டாக்டருக்கோ நர்ஸுக்கோ போன் பண்ணுங்க. படுத்தா மூச்சு முட்டுது, தலகாணி ஒண்ணுக்கு ரெண்டா மூணா தேவைப்படுதுன்னா வெயிட் ஏறலைன்னாலும் கூப்பிடுங்க. உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குதுன்னா போனெல்லாம் வேண்டாம், நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போயிடுங்க. அந்த நோட்டையும் மறக்காம கையில எடுத்துக்கோங்க, டாக்டர் முதல்ல கேக்கப்போறது அதத்தான்.