பள்ளத்தில் உறைபனி, மேட்டில் இல்லை: ஊட்டியின் குளிர்க் கணக்கு

“தொட்டபெட்டா ஊட்டியைவிட உயரம். அப்படியானால் உறைபனியும் அங்கேதானே அதிகம் இருக்க வேண்டும்? செய்திகளில் மட்டும் ஏன் எப்போதும் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைகுந்தாவையும் குதிரைப் பந்தய மைதானத்தையும் காட்டுகிறார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்.

உயரத்தைப் பற்றிய பாடம் பள்ளியிலேயே படித்ததுதான். மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு, கடல்மட்டத்தைவிட 14 டிகிரி தள்ளுபடி. ஆனால் இந்தக் கணக்கு உறைபனிவரை எட்டாது. ஜனவரியில்கூட அங்கே பகல் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கில் உள்ள ஊர் அல்லவா, உச்சி வெயில் சுள்ளென்று அடிக்கும். அதே புல்தரைதான் மறுநாள் விடியலில் வெளுத்துக் கிடக்கிறது.

பகலில் வாங்கிய வெப்பம் எங்கே போனது? வானத்துக்கு. எல்லாப் பொருள்களும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. காற்றிலுள்ள நீராவியும் மேகமும் அதை உறிஞ்சி, ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்பிவிடும். வளிமண்டல நீராவியில் ஏறக்குறைய பாதி, முதல் 2 கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஊட்டி அதற்கும் மேலே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வறண்ட காற்றும் தெளிந்த வானமும் சேர்ந்துவிட்டால் திரும்பி வருவது குறைந்துவிடும். புல்லோ மெல்லியது, சேமிப்பு இல்லாதது. மண்ணின் சூடு மேலே வரவிடாமல் புல்தாள்களுக்கு இடையே சிக்கிய காற்று தடுக்கிறது. எனவே புல்நுனி, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதும், அதைத் தொடும் நீராவி நேராகப் பனிப்படிகமாகப் படிகிறது.

உறைபனி மேலிருந்து கொட்டுகிறது என்று இன்னமும் நம்புகிறவர்கள், இரவு முழுக்கத் திறந்தவெளியில் நின்ற காரைப் பார்க்கலாம். கூரையும் முன்கண்ணாடியும் வெளுத்திருக்கும். வானத்தை அவ்வளவாகப் பார்க்காத கதவுக் கண்ணாடிகள் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். மரத்தடியில் நின்ற கார் தப்பித்துவிடும். அதற்கு மேலே இருப்பது வானம் அல்ல, தன் பங்குக்கு வெப்பம் வீசும் இலைகள்.

இனி என்னை எப்போதும் சொக்க வைக்கும் பகுதி. குளிர்ந்த தரை, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே சரிவில் இறங்குகிறது. ஓடைத் தடங்களில் ஒன்றுகூடுகிறது. குறுக்கே ஒரு கரையோ அடர்ந்த வேலியோ வந்தால் அதன் பின்னால் தேங்குகிறது. கடைசியில் பள்ளத்தில் போய்க் குளமாக நிற்கிறது. சரிவில் அது விட்டுச்சென்ற இடத்தை மேலிருக்கும் கதகதப்பான காற்று நிரப்புகிறது. ஆகவே இத்தகைய இரவுகளில் ஏறினால் குளிரும் என்ற விதி தலைகீழாகிவிடும்: நடுச்சரிவு, பள்ளத்தைவிடப் பல டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். லேசாகக் காற்று வீசினால் போதும், மேலும் கீழும் கலந்து உறைபனி வராமலே போகும். உச்சிகளில் காற்று ஓய்வது அரிது.

பந்தய மைதானத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. 1820-களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஏரி, இன்று இருப்பதைவிடப் பெரியது. மைதானமும் பஸ் நிலையமும் அந்த ஏரி இருந்த இடத்தில்தான் எழுந்தன. தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் குளிர்காற்று தேங்குவதில் வியப்பென்ன?

ஊட்டியின் வெப்பநிலை ‘பூஜ்யமா, மைனஸா’ என்று ஆண்டுதோறும் நடக்கும் சண்டைக்கும் விடை இதிலேயே இருக்கிறது. வானிலை நிலையத்து வெப்பமானி, தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும். அது 3 டிகிரி காட்டும்போதே கீழே புல் உறைந்திருக்கலாம். இரண்டுமே உண்மை. ‘குட்டி காஷ்மீர்’ என்று தலைப்புப் போடுவதில் உள்ள உற்சாகத்தில் கொஞ்சம் அளவெடுப்பதிலும் காட்டலாம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு குளிர் இருக்கும் மலையில், ஊருக்கு ஒரு நிலையம் எந்த மூலைக்கு? மலைக்கிராமப் பள்ளிகளுக்கு இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும் வெப்பமானியை ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்து, புல்மட்டத்தில் வைத்துக் குறிக்கச் சொன்னால், சில ஆண்டுகளில் உறைபனிக்கென்றே ஒரு வரைபடம் கிடைத்துவிடும். இதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை.

அந்த வரைபடத்தால் முதலில் பயன்பெறுபவர்கள் தேயிலை விவசாயிகள். தாழ்வான தோட்டங்களில் ஓர் இரவு உறைபனியிலேயே கொழுந்து கருகிவிடும். தாகைச் செடிகளை வெட்டித் தேயிலை மீது பரப்பும் வழக்கம் நீலகிரியில் இருக்கிறது. செடிக்கும் வானத்துக்கும் இடையே ஒரு தடுப்பு. மரத்தடிக் கார் தப்பித்த அதே கணக்கு.

உறைபனியைப் பார்க்கத்தான் ஆசையென்றால், தொட்டபெட்டாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். நட்சத்திரங்கள் துல்லியமாகத் தெரிந்து, இலை அசையாத ஓர் இரவுக்குப் பின், சூரியன் எழும் முன்பே பள்ளத்துக்கு இறங்குங்கள். வெயில் பட்டதும் எல்லாம் தண்ணீராகிவிடும்.