அட்டைக்குப் போடுற உப்பும் பிள்ளைக்குக் குடுக்குற ஜீவனியும்

தோட்டத்துப் பக்கம் நர்ஸா வேலை செய்றதால வயித்தோட்டத்தோட வர்ற பிள்ளைங்கள நிறையப் பாக்குறேன், ஆனா அந்த ஒன்றரை வயசுப் பிள்ளைய மட்டும் மறக்க முடியல. ஜீவனி, அதான் வயித்தோட்டத்துக்குத் தண்ணியில கரைச்சுக் குடுக்குற உப்பு சீனித் தூள், குடுத்தீங்களான்னு கேட்டேன், "குடுக்கக் குடுக்க இன்னும் கூடப் போகுது மிஸ்"னு அம்மா அழுவுறாங்க. கையில இருந்த பால் போத்தல வாங்கிப் பாத்தா அடியில தூள் கரையாம வெள்ளையா படிஞ்சு கெடக்கு. ஒரு லீட்டர் தண்ணியில போட வேண்டிய பெக்கட்ட ஒரே கிளாஸ்ல கரைச்சிருக்காங்க, கெட்டியா இருந்தா சீக்கிரம் கேக்கும்னு நெனச்சு.

அவங்க தேயிலைக் கொழுந்து எடுக்குறவங்க. மலையில அட்டை கடிச்சா என்ன செய்வீங்கன்னு கேட்டேன்.

"உப்பு போடுவோம் மிஸ், தண்ணி விட்டு சுருங்கி விழுந்துரும்."

அதே தாம்மா பிள்ளையோட குடல்லயும் நடக்குதுன்னேன், அப்படியே என்னப் பாத்துக்கிட்டு நின்னாங்க. (அட்டை ஒட்டிக்கிட்டு இருக்கயில உப்பு போடாதீங்க, காயத்துக்குள்ளயே கக்கிரும், நகத்தால மெதுவா தள்ளி விடுங்க.)

ஸ்கூல்ல பிரசாரணம்னு படிச்சோமே அது தான் இது. கலத்தச் சுத்தி இருக்குற மென்சவ்வு தண்ணிய லேசா விடும், உப்பையும் சீனியையும் அப்படி விடாது, அதனால செறிவு கூடின பக்கத்துக்குத் தண்ணி தானா இழுபடும், அந்த இழுவைய நிப்பாட்டுறதுக்கு வேண்டிய அமுக்கத்தத் தான் பிரசாரண அமுக்கம்னு சொல்றோம். நம்ம இரத்தம் லீட்டருக்கு சுமார் 290 மில்லிஒஸ்மோல் (கரைஞ்சிருக்கிற துணுக்குகளோட செறிவச் சொல்ற அலகு). உலக சுகாதார நிறுவனம் சொல்ற உப்பு சீனிக் கரைசல் 245, முந்தி 311ஆ இருந்தத 2002ல கொறச்சாங்க. இரத்தத்த விடக் கொஞ்சம் கம்மிங்கிறதால தண்ணி குடல்ல இருந்து உடம்புக்குள்ள போகும். மொத்த பெக்கட்டையும் 200 மில்லி கிளாஸ்ல கொட்டுனா 1225 ஆயிரும், அப்ப உடம்புல மிச்சம் இருக்கிற தண்ணியும் குடலுக்குள்ள வந்து வெளிய போயிரும், இரத்தத்துல சோடியம் ஏறி வலிப்பு கூட வரலாம்.

வெறும் உப்புத் தண்ணி போதாது, ஏன்னா குடல் சுவர்ல குளுக்கோஸும் சோடியமும் சோடி சேந்து உள்ள போகும், அது பின்னால தான் தண்ணி போகும். அதுக்காக சோடா, கலர்லாம் குடுத்துறாதீங்க, சீனி அளவுக்கு மீறி இருக்கு.

இன்னொன்னு, நம்ம ஆளுங்க "ஒரு போத்தல்"னா 750 மில்லி சாராயப் போத்தலத் தான் எடுப்பாங்க, அது லீட்டர் இல்ல! பெக்கட்ல போட்டிருக்கிற அளவப் பாத்து, கொதிச்சு ஆறுன தண்ணியில கரைங்க. குளிருக்குன்னு கரைச்சத அடுப்புல வச்சுக் கொதிக்க வைக்காதீங்க, தண்ணி வத்தி கெட்டியாயிரும். 24 மணித்தியாலத்துக்கு மேல வைக்காதீங்க. ரெண்டு வயசுக்குள்ள பிள்ளைன்னா ஒவ்வொரு தரம் போனதுக்கப்புறமும் 50ல இருந்து 100 மில்லி, கரண்டி கரண்டியா, தாய்ப்பாலையும் நிப்பாட்டாம. கண்ணு குழி விழுந்து, மூத்திரம் போகாம, பிள்ளை சோந்து கெடந்தா விடியட்டும்னு பாக்காதீங்க, அந்த ராத்திரியே ஆட்டோ புடிச்சு வாங்க.