ஈம் கிராமத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்?

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் ஈம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் ‘ஈயம்’ என்றுதான் வாயில் வரும். அங்கே காலங்காலமாகத் தோண்டியெடுத்ததும் ஈயம்தான், தற்செயல் பொருத்தம். 2011 கணக்கெடுப்பில் 969 பேர்.

ஊர் புகழ்பெற்றது 1665-66 கொள்ளைநோயால். லண்டனிலிருந்து வந்த துணிமூட்டையில் இருந்த தெள்ளுப்பூச்சிகள் நோயைக் கொண்டுவந்தன என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. முதலில் இறந்த ஜார்ஜ் விக்கர்ஸை 1665 செப்டம்பர் 7 அன்று அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு ஜூனில் போதகர் வில்லியம் மோம்பெசனும், முன்பு அதே பதவியில் இருந்த தாமஸ் ஸ்டான்லியும் பேசி, ஊரார் எல்லை தாண்டுவதில்லை என்று முடிவெடுக்க வைத்தார்கள். வெளியூரார் கொண்டுவந்து வைத்த உணவுக்கான காசை, எல்லைக் கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி அதில் போட்டுவைத்தார்கள். 1666 நவம்பரில் நோய் அடங்கியபோது சுமார் 260 பேர் போயிருந்தார்கள்.

இறந்தவர்கள் பெயர் பெயராகத் தெரியும். மொத்தம் எத்தனை பேர் இருந்த ஊர் என்பதில்தான் சிக்கல். நெடுநாள் புழங்கிய எண் 350. அப்படியானால் நாலில் மூன்று பங்கு மக்கள் செத்தார்கள். ஊரில் 700 பேர் இருந்தார்கள் என்று கொண்டால் அது 37 சதவீதம்தான். கணக்கெடுப்பே இல்லாத காலத்தில் ஊரின் தலைகளை எப்படி எண்ணுவது?

முதல் வழி அடுப்பு வரி. 1662 முதல் 1689 வரை ஒவ்வொரு கணப்பு அடுப்புக்கும் ஆண்டுக்கு 2 ஷில்லிங், இரண்டு தவணையில் வசூலித்தார்கள். அந்தப் பட்டியலில் வீட்டுத் தலைவர் பெயரும் அடுப்பு எண்ணிக்கையும் இருக்கும். நமக்கு வேண்டியது அடுப்பு அல்ல, வீடு. ஒரு பட்டியலில் 160 வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குச் சராசரி 4.25 பேர் என்றால் 680, 4.75 என்றால் 760. அரைப் புள்ளி மாறினால் 80 பேர் கூடுகிறார்கள். இதைவிடப் பெரிய ஓட்டை ஏழைகள். வரிவிலக்குப் பெற்ற வீடுகளையும் எழுத வேண்டும் என்ற விதி 1663 திருத்தத்தில்தான் வந்தது. பிறகும் அந்தப் பகுதி பல பட்டியல்களில் விடுபட்டிருக்கிறது. வரி கட்டியவர்களை மட்டும் எண்ணினால் ஊர் பாதியாகச் சுருங்கவும் கூடும்.

இரண்டாவது வழி தேவாலயப் பதிவேடு. 1538-ல் தாமஸ் க்ரோம்வெல் உத்தரவால் தொடங்கிய ஞானஸ்நான, திருமண, அடக்கக் குறிப்புகள் இவை. ஆண்டுக்குச் சராசரி 20 ஞானஸ்நானம், ஆயிரம் பேருக்கு 32 பிறப்பு என்று கொண்டால், ஊரில் 625 பேர். ஒற்றை ஆண்டை எடுக்கக் கூடாது. முன்னும் பின்னுமாகப் பத்து ஆண்டுகளின் சராசரி வேண்டும். ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த சிசுக்கள் கணக்கில் வரமாட்டார்கள். அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாத குடும்பங்களும் தவறிவிடும்.

மூன்றாவது வழியில் வேலை அதிகம், பலனும் அதிகம். ஒவ்வொரு குறிப்பையும் தனி அட்டையில் எழுதி, ஒரே ஆளின் பிறப்பு, திருமணம், இறப்பை இணைத்துக் குடும்பம் குடும்பமாகக் கட்டி எழுப்புவது. 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தார். அடக்கக் குறிப்பில் பெயர்கள் வரிசையாக வரும், வயது இராது. அதைப் பழைய ஞானஸ்நானப் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ஜான்கள் இருந்தால் அங்கேயே சங்கிலி அறுந்துபோகும். இப்படி வீடுவாரியாகப் பிரித்ததால்தான், 2016-ல் வெளியான ஒரு கணித ஆய்வு, எலிகளிடமிருந்து தொற்றியது சுமார் கால் பங்கு, மீதி மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது என்று மதிப்பிட முடிந்தது.

புதிதாக வருபவர் கட்டாயம் இடறும் கல் ஒன்று உண்டு. 1752-க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. பதிவேட்டில் ‘1665 ஜனவரி’ என்றிருந்தால் நம் கணக்கில் 1666 ஜனவரி. இது தெரியாமல் வரிசைப்படுத்தினால், விக்கர்ஸ் சாவதற்கு எட்டு மாதம் முன்பே கொள்ளைநோய்ச் சாவுகள் தொடங்கிவிடும்!

எல்லையையும் பார்க்க வேண்டும். ஈம் தேவாலயப் பங்கில், அதாவது அந்தத் தேவாலயத்தின் கீழ் வரும் பகுதியில், ஈம் கிராமம் மட்டுமல்ல, ஃபூலோ போன்ற பக்கத்து ஊர்களும் அடங்கும். இறந்தவர்களைப் பங்கு முழுவதிலும் எண்ணி, இருந்தவர்களைக் கிராமத்தில் மட்டும் எண்ணினால் சாவு விகிதம் சும்மா ஊதிப்போகும்.

1801 மார்ச் 10 அன்று நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்போடு ஊகம் குறைகிறது. ஆனாலும் நாடு முழுக்க ஆள் பெயர்களைக் கேட்டது 1841-ல்தான். அதிலும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் ஏட்டில் 30. உண்மை வயதும் பிறந்த ஊரும் 1851 ஏட்டில்தான் கிடைக்கும்.