"40 சதவீதம் இல்லையே" என்று திருப்பி அனுப்பினால்: தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும்

"உங்க பிள்ளைக்கு 40 சதவீதம் இல்லையே, சொல்வதை எழுதுபவர் எல்லாம் தர முடியாது." மாற்றுத்திறனாளிப் பிள்ளை சொல்லச் சொல்லத் தேர்வை எழுத ஓர் ஆள் கேட்கப் போய், குறைபாடு 40 சதவீதம் இல்லை என்ற இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு அலுவலகத்தை விட்டு வெளியே வந்த பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். பலர் அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி 40 சதவீத எல்லை சில சலுகைகளுக்கு மட்டும்தான். அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இட ஒதுக்கீடு வேண்டுமா, 40 இருக்க வேண்டும். தேர்வு எழுத உதவி கேட்பது வேறு விஷயம். கவுன்டரில் இருப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) வழக்கில், நரம்புக் கோளாறால் எழுதும்போது கை இறுகிப்போகும் ஒரு தேர்வரிடம் இதே காரணத்தைத்தான் சொன்னார்கள். 11.2.2021 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. எழுதுவதில் சிரமம் இருந்தால் போதும், 40 சதவீதத்தை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்றது. அதன் பிறகு 10.8.2022 அன்று மத்திய அரசு 40-க்குக் கீழே இருப்பவர்களுக்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 பிப்ரவரியில், குல்ஷன் குமார் வழக்கில், உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. விண்ணப்பத்தோடு இணைக்கும் கடிதத்தில் முதல் வழக்கின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். வாயால் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை.

பெரும்பாலானவர்கள் சிக்குவது சான்றிதழில்தான். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அதில் சதவீதம் இருக்கும், "இவரால் எழுத இயலாது, எழுதுபவர் தேவை" என்ற வரி இருக்காது. 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களில் பார்வையற்றவர்கள், இரு கைகளும் பாதிக்கப்பட்டவர்கள், பெருமூளை வாதம் உள்ளவர்கள் கேட்டாலே கிடைக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் அந்த வரியுள்ள தனிச் சான்றிதழ் அவசியம். 40-க்குக் கீழே என்றால் தேர்வு அறிவிப்பில் குறிப்பிட்டுள்ள படிவத்தில், அரசு மருத்துவக் குழு கையெழுத்திட வேண்டும். தனியார் மருத்துவரின் கடிதத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படிவத்தை நீங்களே அச்செடுத்துக் கொண்டு போங்கள். அங்கே இருப்பவர்களுக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாத மருத்துவமனைகள் உண்டு, "அடுத்த வாரம் வாங்க" என்று தொடங்கிவிடுவார்கள்.

அடுத்தது எழுத வருபவர். ஆளை நாமே அழைத்து வரும் தேர்வுகளில் அவருடைய படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும், பத்தாம் வகுப்புக்குக் கீழேயும் போகக் கூடாது என்பது 2018 வழிகாட்டுதலில் இருந்த விதி. 2025 ஆகஸ்டில் புதிய வழிகாட்டுதல் வந்துவிட்டது, அதனால் உங்கள் தேர்வின் அறிவிப்பில் என்ன படிப்பு கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டதாரி தேர்வருக்குப் பட்டதாரி நண்பர் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம். 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்கள் தாங்களே எழுதினாலும் இது உண்டு. எழுதுபவரை வைத்துக்கொண்டால்தான் நேரம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

உத்தரவு கையில் இருந்தாலும் தேர்வு மையத்தில் கவிழ்த்துவிடுவார்கள். 2021 நீட் தேர்வில் எழுத்துக் குறைபாடுள்ள, 40 சதவீதச் சான்றிதழ் வைத்திருந்த மாணவிக்கே அந்த ஒரு மணி நேரத்தைத் தராமல் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். அவ்னி பிரகாஷ் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். நடந்தது அநீதி என்று நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. ஆனாலும் மறுதேர்வு நடத்தச் சொல்லவில்லை. இழந்த நேரம் தேர்வுக்குப் பிறகு திரும்பக் கிடைக்காது. ஹால் டிக்கெட்டில் கூடுதல் நேரம் குறிப்பிடப்படவில்லையென்றால் அன்றைக்கே தேர்வு அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், விதியை அச்செடுத்து மையக் கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே கொடுங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பலருக்கு விதி ஞாபகம் வந்துவிடுகிறது.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்றால் தலைமை ஆசிரியர் வழியாகப் போக வேண்டும். "நேரம் இருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்று அவர் சொன்னால் கேட்காதீர்கள். கல்வியாண்டு தொடங்கியதும் விண்ணப்பம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மருத்துவப் படிப்பு சேர்க்கையில் இன்னொரு வலி. மருத்துவக் குழு சதவீதத்தை மட்டும் பார்த்து "தகுதியற்றவர்" என்று எழுதிவிடும். ஓம்கார் கோண்ட் வழக்கில் 15.10.2024 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன விரிவான தீர்ப்பின்படி அது செல்லாது. அந்தக் குறைபாடு படிப்புக்கு எப்படித் தடை என்று குழு காரணம் எழுத வேண்டும். காரணமில்லாத தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

புகார் சரியான இடத்துக்குப் போக வேண்டும். மாநிலத் தேர்வென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், நீட், யுபிஎஸ்சி போன்றவற்றுக்கு டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தால் "மேலே அனுப்பியிருக்கோம்" என்ற பதிலோடு மாதங்கள் ஓடும். தேர்வு நெருங்கிவிட்டால் ஆணையருக்காகக் காத்திருக்க முடியாது, உயர் நீதிமன்றம்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு, மறுத்த கடிதத்தையும் மின்னஞ்சல் நகல்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.