நாமினி என்றால் வாரிசா?

வங்கியில் கணக்குத் தொடங்கும்போது “நாமினி யாரு?” என்று கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்ல யாரும் அரை நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. மனைவி பெயர், இல்லாவிட்டால் மூத்த மகன் பெயர். அதே இடத்தைச் சில தமிழ்ப் படிவங்கள் “வாரிசு நியமனம்” என்று அச்சிட்டிருக்கும். இந்த மொழிபெயர்ப்பைப் போலக் குடும்பங்களைக் கோர்ட்டுக்கு இழுத்த சொல் முதலீட்டு உலகில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். வாரிசை யாரும் நியமிக்க முடியாது. யார் வாரிசு என்பதைச் சட்டம் சொல்லும். நியமிக்க முடிந்தவர் நாமினி மட்டும்தான்.

முதலில் சொல்லின் வேர். இலத்தீனில் ‘நோமென்’ என்றால் பெயர். ‘நோமினாரே’ என்றால் பெயரிட்டுச் சொல்லுதல். ஆங்கிலச் சட்டமொழி அதன் வாலில் ஓர் ‘ஈ’யை ஒட்டிக்கொண்டது. பழைய பிரெஞ்சுக் கோர்ட் வழக்கிலிருந்து வந்த இந்த ‘ஈ’, ஒரு செயல் யார்மேல் நடக்கிறதோ அவரைக் காட்டும். டிரஸ்டீ என்பவர் நம்பிப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். நாமினி என்பவர் பெயர் சொல்லப்பட்டவர். சொத்து, பங்கு, உரிமை என்ற பொருள் எதுவும் இந்தச் சொல்லுக்குள் இல்லை. இன்னொரு செய்தி: இலத்தீன் ‘நோமென்’, வடமொழி ‘நாமன்’ இரண்டும் ஒரே மூலத்தில் கிளைத்தவை. ஆகவே நாமினிக்குள் நம்முடைய ‘நாமம்’ காதில் விழுவது தற்செயல் இல்லை. (நாமினி மற்றவர்களுக்கு நாமம் போட்டுவிடக் கூடாது என்பதுதான் கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவருவதும்.)

‘வாரிசு’ வேறு ஊர்க்காரன். அரபியில் ‘வாரித்’ என்றால் இறந்தவரின் சொத்தை அடைபவர். பாரசீகம், உருது வழியாக ‘வாரிஸ்’ ஆகித் தமிழில் வாரிசு ஆனது. சொல்லே சொத்துரிமையைச் சொல்கிறது. பெயர் சொல்லப்பட்டவருக்கு இந்தப் பெயரை வைத்தது படிவம் எழுதியவர்கள் செய்த பிழை.

காப்பீட்டுப் படிவங்களில் ‘நியமனதாரர்’ என்று இருக்கும். இது பரவாயில்லை. ஆனால் ‘தாரர்’ என்பது பாரசீகத்திலிருந்து வந்த ஒட்டு. வைத்திருப்பவர் என்று பொருள். பங்குதாரர் பங்கை வைத்திருப்பவர், சந்தாதாரர் சந்தாவை வைத்திருப்பவர். அந்தப் பழக்கத்தில் நியமனதாரரும் எதையோ சொந்தமாக வைத்திருப்பவர் போலவே ஒலிக்கிறது. தேர்தலில் இதே ‘நாமினேஷன்’ வேட்புமனு ஆனது. வேட்பு என்றால் விருப்பம். போட்டியிட விரும்புபவர் தானே மனு கொடுக்கிறார், அங்கே அது பொருந்தும். வங்கியில் நாமினியின் விருப்பத்தை யாரும் கேட்பதுகூட இல்லை.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது: பெறுநர். பள்ளிக்கூடக் கடிதத்தில் அனுப்புநருக்குக் கீழே எழுதியதுதான். உறை அவர் கைக்கு வரும். உள்ளே இருப்பது யாருக்கு என்பது வேறு கேள்வி. ‘நியமனப் பெறுநர்’ என்று படிவத்தில் போட்டால், பெறுபவர் வேறு, உடையவர் வேறு என்பது படித்ததுமே புரிந்துவிடும்.

இது வெறும் சொல்லாய்வு என்று தள்ள முடியாது. உச்ச நீதிமன்றமே இதைத்தான் சொன்னது. 1984ஆம் ஆண்டின் சர்பதி தேவி எதிர் உஷா தேவி வழக்கில், உயில் எழுதாமல் விபத்தில் இறந்தவருக்கு தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஆயுள் காப்பீட்டு பாலிசிகள் இருந்தன. நாமினி மனைவி. தாயும் மகனும் பங்கு கேட்டார்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள அதிகாரம் பெற்ற கை மட்டுமே, வாங்கியதை வாரிசுரிமைச் சட்டப்படி வாரிசுகள் கேட்கலாம் என்பது தீர்ப்பு. கம்பெனிப் பங்குகள் (ஷேர்) விஷயத்தில் கம்பெனிச் சட்டத்தின் வாசகம் வேறு மாதிரி இருந்ததால், 2010இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி, நாமினிக்கே பங்கு சொந்தம் என்று தீர்ப்பளித்தார். அந்தக் குழப்பத்தை 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: பங்கானாலும் நாமினி உரிமையாளர் ஆகமாட்டார்.

பிறகு நாமினி எதற்கு? கொடுப்பவரின் வசதிக்கு. வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் அதன் பொறுப்பு தீர்ந்தது. நாளைக்கு இன்னொரு பிள்ளை வந்து வங்கிமேல் வழக்குப் போட முடியாது. குடும்பத்துக்கும் லாபம் உண்டு. இறப்புச் சான்றிதழ், கோரிக்கைப் படிவம், நாமினியின் அடையாளச் சான்று இருந்தால் 15 நாளில் தீர்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. நாமினி இல்லாமல் பெரிய தொகை என்றால் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ், அது போதாதென்றால் கோர்ட்டில் இறங்குரிமைச் சான்றிதழ் (சக்சஷன் சர்டிபிகேட்) என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இந்துவான ஒருவர் உயில் எழுதாமல் இறக்கிறார். வைப்புத்தொகை 15 லட்சம். நாமினி மூத்த மகன். மனைவி, தாய், இரண்டு மகன்கள், கல்யாணமாகிப் போன ஒரு மகள், தந்தை எல்லோரும் இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள் இங்கே ஐந்து பேர். ஆளுக்கு 3 லட்சம். 15 லட்சமும் மூத்தவர் கணக்கில் ஏறும், ஆனால் அதில் 12 லட்சம் அவருடையதில்லை. மகளுக்கும் சம பங்கு. பலர் எதிர்பார்க்காதது தந்தையின் நிலை: அவர் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்கு ஒன்றும் கிடையாது. தந்தைக்கு ஏதாவது போக வேண்டுமென்றால் உயில்தான் வழி.

‘உயில்’ தமிழ்ச் சொல் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆங்கில ‘வில்’லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி நாம் நம்முடையதாக்கிக்கொண்டது அது. பழைய பத்திரங்களில் மரண சாசனம் என்றிருக்கும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவரின் கையொப்பமும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் வேண்டும். உயிலில் ஏதாவது பெறப்போகிறவரைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். உயிலில் ஒருவர், பாஸ்புக்கில் இன்னொருவர் என்றிருந்தால் பணம் நாமினி கைக்கு வந்து, உயிலில் உள்ளவருக்குப் போக வேண்டும். வழியில் நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே இரண்டிலும் ஒரே பெயரை வைப்பது நல்லது.

விதிவிலக்கு ஒன்று ஆயுள் காப்பீட்டில் வந்தது. 2015 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணத்தின் பயனும் அவர்களுக்கே என்று சட்டம் சொல்கிறது. இதையும் எல்லா உயர் நீதிமன்றங்களும் ஒரே மாதிரி படிக்கவில்லை. தம்பி, மருமகன், நண்பர் என்றால் பழைய கதைதான், வெறும் பெறுநர். மனைவி மக்களுக்கே போக வேண்டும், கடன்காரர் கை வைக்கக் கூடாது என்று நினைப்பவர் 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் பாலிசி எடுக்கலாம். அதை விண்ணப்பம் கொடுக்கும்போதே எழுத வேண்டும், பின்னால் சேர்க்க முடியாது.

எத்தனை நாமினி என்பதும் இடத்துக்கு இடம் மாறும். வங்கி வைப்புகளில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை. ஒரே நேரத்தில் நால்வர் என்றால் சதவீதம் எழுத வேண்டும், கூட்டினால் நூறு வர வேண்டும். அடுத்தடுத்து என்றால் முதலாமவர் உயிரோடு இல்லாவிட்டால்தான் இரண்டாமவர். லாக்கருக்கு அடுத்தடுத்த முறை மட்டுமே. மியூச்சுவல் ஃபண்டிலும், பங்குகளை மின்வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கிலும் பத்துப் பேர் வரை போடலாம்; சதவீதம் எழுதாவிட்டால் சமமாகப் பிரியும். கூட்டுக் கணக்கில் இன்னொருவர் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு வேலையே இல்லை.

வருங்கால வைப்பு நிதியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். குடும்பம் உள்ளவர் குடும்பத்தினரை மட்டுமே நியமிக்கலாம். ‘குடும்பம் இல்லை’ என்று எழுதி நண்பரையோ அண்ணனையோ போட்டிருந்தால், கல்யாணமான அன்றே அந்த நியமனம் செல்லாததாகிவிடும். இணையத்தில் புதிதாகப் பதியும்போது விவரங்களைச் சேமித்ததோடு விட்டுவிடுகிறார்கள். ஆதார் ஓடிபி போட்டு மின்கையொப்பம் முடித்தால்தான் அது பதிவாகும்.

நாமினி சிறுவயதினர் என்றால் பிறந்த தேதியையும், அவர் சார்பில் வாங்கப்போகும் பெரியவரின் பெயரையும் எழுத வேண்டும். பதினெட்டு முடிந்ததும் அதை மாற்றி எழுத யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அப்புறம் நம் ஊருக்கே உரிய இனிஷியல் தொல்லை: பாஸ்புக்கில் ‘எஸ். கலைச்செல்வி’, ஆதாரில் ‘கலைச்செல்வி சுப்பையா’, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பான் அட்டையில் ‘கலைச்செல்வி முருகேசன்’. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கக் கடைசியில் நோட்டரியிடம் போய் நிற்க வேண்டிவரும். நாமினியின் பெயரை ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதி, ஒப்புகைச் சீட்டை வாங்கி, பாஸ்புக்கில் ‘நியமனம் பதிவானது’ என்ற வரி அச்சாகியிருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.