சார்லட் ஏன் இரட்டை நூலில் எழுதினாள்?

'சார்லட்ஸ் வெப்' கதையில் அன்றைக்கு விடிகாலை மூடுபனி மட்டும் இறங்கியிருக்காவிட்டால், வில்பர் என்ற பன்றிக்குட்டி கிறிஸ்துமஸுக்கு முன்பே அடுப்பேறியிருக்கும்.

கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. அமெரிக்க எழுத்தாளர் ஈ.பி. ஒயிட்டின் சிறுவர் நாவல் அது; வெளிவந்த ஆண்டு 1952. பண்ணைத் தொழுவத்தில் வளரும் பன்றிக்குட்டியைக் குளிர்காலம் வந்ததும் வெட்டப்போகிறார்கள். அதோடு சிநேகமாகிவிட்ட சார்லட் என்னும் சிலந்தி, தொழுவ வாசலுக்கு மேலே கட்டிய தன் வலையின் நடுவில் பன்றியைப் புகழ்ந்து எழுத்துகளைப் பின்னிவைக்கிறாள். ஊரே திரண்டு வந்து வாய் பிளக்கிறது, பன்றி பிழைத்துக்கொள்கிறது. 1973-இல் இது பாட்டுகள் நிறைந்த கார்ட்டூன் படமாக வந்தது. 2006-இல் நிஜப் பன்றிக்குட்டிகளையும் கணினியில் உருவாக்கிய சிலந்தியையும் வைத்து இன்னொரு முறை எடுத்தார்கள். அதில் சார்லட்டுக்குக் குரல் கொடுத்தவர் ஜூலியா ராபர்ட்ஸ்.

சிலந்தி பேசுகிறது, எழுதுகிறது என்றான பிறகு இதில் அறிவியலுக்கு என்ன வேலை? புத்தகத்தை நிதானமாகப் படிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சிலந்தியின் உடம்பையும் தொழிலையும் ஒயிட் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். எழுத்து என்ற அந்த ஒரு பொய்யைச் சொல்லும்போதுகூட, அதற்குத் தேவையான இயற்பியலை விட்டுவிடவில்லை.

அந்தப் பனியையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்றிக்குத் தீனி கொண்டுவரும் பண்ணையாள் லர்வி, வலையில் எழுத்தைப் பார்ப்பது மூடுபனி பெய்த ஒரு காலையில்தான். இழைக்கு இழை நீர்மணிகள் கோத்திருக்க, வலை பளபளவென்று நிற்கிறது. வெயில் காலையாக இருந்திருந்தால் அவர் வாளியைச் சாய்த்துவிட்டுப் போயிருப்பார். சிலந்தி நூலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. நம் தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் வாகான கோணத்தில் பட்டால் ஒரு மின்னல் மின்னும், இல்லாவிட்டால் காற்றோடு காற்றாக மறைந்துவிடும். முகத்தில் ஒட்டிய பிறகுதான் வலை இருந்ததே தெரியும் அனுபவம் எல்லாருக்கும் உண்டு.

பனி ஏன் அதை மாற்றுகிறது? மெல்லிய நூலின் மேல் நீர் ஒரே சீரான உறையாக நிற்க முடியாது. குழாயை லேசாகத் திறந்துவிட்டால் ஒழுகும் நீர்க்கம்பி சற்றுக் கீழே துளித்துளியாக உடைகிறதல்லவா, அதே கதைதான். பரப்பு இழுவிசை நீரின் மேற்பரப்பைக் கூடியமட்டும் சுருக்கப் பார்க்கும். நீண்ட உறையைவிட வரிசையான மணிகளுக்கு மேற்பரப்பு குறைவு. அதனால் நூல் பாசிமணி மாலை ஆகிறது. ஒவ்வொரு மணியும் நூலைவிடப் பலமடங்கு பெரியது, ஒவ்வொன்றும் ஒரு குட்டி வில்லை. காலை வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடிக்கும்போது, இராத்திரி முழுக்க இல்லாத வலை திடீரென்று இருக்கிறது.

இல்லாதது போல் இருப்பதுதான் வலையின் பிழைப்பே. பறந்து வரும் ஈ அதைக் கண்டுகொண்டால் சிலந்திக்குப் பட்டினி. அப்படியிருக்க, வலையின் நட்டநடுவில் எழுத்துப் பின்னுவது கண்ணியின் மேல் விளம்பரப் பலகை மாட்டுவதற்குச் சமம். ஒயிட்டுக்கு இது தெரிந்திருக்கிறது. இரண்டாம் முறை எழுதும்போது சார்லட் வலையின் நடுப்பகுதியைப் பிய்த்தெறிந்து இடம் பண்ணிக்கொள்கிறாள். ஒற்றை நூலில் ஒரு கோடு இழுத்துப் பார்க்கிறாள், திருப்தியில்லை. பக்கத்திலேயே இன்னொரு நூலை இறக்கி, எல்லாக் கோட்டையும் இரட்டையாகவே போட்டால்தான் தெரியும் என்று முடிவு செய்கிறாள். எட்டு வயதுக் குழந்தைக்கு எழுதும் கதையில் இந்த நுணுக்கம் தேவையே இல்லை. அதனால்தான் எனக்கு அது பிடித்திருக்கிறது.

உண்மையிலேயே வலையில் 'எழுதும்' சிலந்திகளும் உண்டு. ஆர்ஜியோப் என்ற பேரினம். நம் ஊர்த் தோட்டங்களில் கொய்யா, கற்றாழைப் பக்கம் பார்த்திருப்பீர்கள்: கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல நீட்டி உட்கார்ந்திருக்கும், கால் நுனிகளுக்கு நேராகத் தடித்த வெள்ளைப் பட்டில் வளைவு வளைவாகக் கிறுக்கியிருக்கும். கையெழுத்துச் சிலந்தி என்பார்கள். அமெரிக்காவில் இதன் உறவுக்காரச் சிலந்திக்கு எழுத்துச் சிலந்தி என்றே பெயர். அது எதற்காகக் கிறுக்குகிறது என்பதில் சிலந்தி ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். புறஊதா ஒளியைப் பிரதிபலித்துப் பூச்சிகளை இழுக்கிறது என்று ஒரு கட்சி, பறவைகள் தெரியாமல் மோதி வலையைக் கிழிக்காமலிருக்க எச்சரிக்கை என்று ஒரு கட்சி, எதிரியின் கண்ணை ஏமாற்ற என்று இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால், சார்லட் இந்த இனமே இல்லை. அவளுடைய முழுப்பெயர் சார்லட் ஏ. கவாட்டிகா, அரேனியஸ் கவாட்டிகஸ் என்ற கொட்டகைச் சிலந்தியின் பெயரை ஒயிட் அப்படியே வைத்துவிட்டார். நிஜத்தில் அந்த இனம் வலையில் ஒரு கோடுகூடக் கிறுக்காது.

சரி, எழுத்தை விடுங்கள். வெறும் வலையே எப்படி உருவாகிறது?

எங்கள் மொட்டை மாடியில் துணிக்கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கும் நடுவில் பழுப்பு நிறச் சிலந்தி ஒன்று தினமும் பொழுது சாய்ந்ததும் வேலையைத் தொடங்கும். ஒருநாள் மின்வெட்டில் செல்போன் விளக்கோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். முதலில் ஒன்றுமே செய்யவில்லை, கொடியில் நின்று பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சும்மா இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நூல் ஒன்று காற்றில் மிதந்து போய்க் குழாயில் ஒட்டிய பிறகுதான் அசைந்தது. அந்தப் பாலத்தில் ஓடி, நடுவிலிருந்து ஒரு நூலில் கீழே இறங்க, ஆங்கில 'ஒய்' எழுத்து போல ஒரு கவை உருவானது. அதன் சந்திதான் வலையின் மையம். அங்கிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நூல்கள். பிறகு மையத்திலிருந்து வெளியே போகும் அகலமான சுருள். இது ஒட்டாத நூல், கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது மாதிரி. விளிம்புக்குப் போய்ச் சேர்ந்ததும் திரும்பி, இந்த முறை உள்நோக்கி, நெருக்கமாக ஒட்டுநூல் சுருள். போகிற போக்கில் பழைய சாரத்தைக் கடித்துப் பிரித்துவிடும். ஒவ்வொரு ஆரக்காலிலும் ஒரு பின்னங்கால் நூலை இழுத்து வைக்கும், ஒரு தட்டு, அடுத்தது. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அது எதையும் கண்ணால் பார்த்துச் செய்யவில்லை. எட்டுக் கண் இருந்தும் வலை கட்டும் சிலந்திகளுக்குப் பார்வை மந்தம் (சார்லட்டும் கதையில் தனக்குக் கிட்டப்பார்வை என்று சொல்லிக்கொள்வாள்). முந்தைய சுற்று எங்கே இருக்கிறது என்று காலால் தடவி, அதிலிருந்து இத்தனை தூரம் என்று அடுத்ததை வைக்கிறது. முழு வரைபடம் மண்டைக்குள் இருக்க வேண்டியதில்லை. அந்தந்த இடத்துக்கான சின்ன விதிகள் போதும்.

நூல் சிலந்தியின் வயிற்றுக்குள் நூலாக இருப்பதில்லை. கெட்டியான புரதக் கரைசலாகப் பைகளில் கிடக்கிறது. வெளியே வரும் வழி வரவரக் குறுகுகிறது. அங்கே நீர் உறிஞ்சப்படுகிறது, அமிலத்தன்மை கூடுகிறது, இழுபடும் வேகத்தில் புரத மூலக்கூறுகள் வரிசையாகப் படிந்து திடமாகின்றன. பற்பசை போல உள்ளிருந்து பிதுக்குவதாக நினைத்துக்கொள்வோம், ஆனால் நூல் வருவது இழுப்பதால். நுனியை எங்காவது ஒட்டிவிட்டுச் சிலந்தி நடக்கும், அல்லது தன் எடையில் தொங்கும், அல்லது பின்னங்காலால் இழுக்கும்.

ஒரே நூலும் அல்ல. வட்ட வலைச் சிலந்தியிடம் ஏழு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன: ஆரக்காலுக்கும் தொங்குவதற்கும் ஒன்று, சுருளுக்கு ஒன்று, பசைக்கு ஒன்று, நூலை எங்கும் ஒட்டவைக்க ஒன்று, இரையைப் பொதிய ஒன்று, முட்டைக் கூட்டுக்கு ஒன்று என்று போகும். தொங்கும் நூல், எடைக்கு எடை பார்த்தால் எஃகைத் தோற்கடிக்கும். சுருள் நூலின் குணம் வேறு. தன் நீளத்தைப் போல மும்மடங்கு இழுபட்டும் அறாது. வேகமாக வந்து மோதும் ஈயை விறைப்பான நூல் திருப்பி எறிந்துவிடும். இது இழுபட்டு வேகத்தை உறிஞ்சிக்கொண்டு, மெதுவாகச் சுருங்கும். அதன் மேலிருக்கும் பசைத்துளிகள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துத் தங்களை இளக்கமாக வைத்துக்கொள்கின்றன.

இவ்வளவு வேலைக்கும் செலவு? சாதாரணத் தோட்டச் சிலந்தியின் வலையில் இருபது மீட்டர் அளவுக்கு நூல் இருக்கும், எடை அரை மில்லிகிராமைத் தாண்டாது. அதையும் வீணாக்குவதில்லை. என் மாடிச் சிலந்தி விடியுமுன் வலையைச் சுருட்டித் தின்றுவிடும். கதிரியக்க அணுக்களால் அடையாளமிட்ட புரதத்தை வைத்து 1970-களில் சோதித்தபோது, தின்ற நூலின் பெரும்பகுதி அரை மணி நேரத்திலேயே புது வலையில் வந்து நின்றது. திருவானைக்காவல் தலபுராணத்தில் யானை பிய்த்துப் பிய்த்துப் போட, சிலந்தி மறுபடி மறுபடி லிங்கத்துக்கு மேல் பந்தல் பின்னும். புராணச் சிலந்திக்கும் இந்த மறுசுழற்சி கைகொடுத்திருக்க வேண்டும்.

ஒருவகையில் எல்லாச் சிலந்தியும் எழுதத்தான் செய்கிறது, தன் உடல்நிலையை. 1948-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் விலங்கியலாளர் ஹான்ஸ் பீட்டர்ஸ், சிலந்திகள் விடிகாலை 4 மணிக்கு வலை கட்டுவதால் தூக்கம் கெட்டு நொந்துபோனார். நேரத்தை மாற்ற ஏதாவது மருந்து கிடைக்குமா என்று மருந்தியலாளர் பீட்டர் விட்டிடம் கேட்டார். மருந்து கொடுத்தும் நேரம் மாறவில்லை, வலைதான் கோணல்மாணலாகிப் போனது. பிறகு விட் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். காபியில் இருக்கும் கஃபீன் கொடுத்தால் வலை வலையாகவே இருக்காது. கார்ட்டூன் படம் வந்த அதே 1973-இல், பள்ளி மாணவி ஒருவரின் யோசனைப்படி அராபெல்லா, அனிதா என்ற இரண்டு சிலந்திகளை ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள். எடையே இல்லாத இடத்தில் தொங்கி நூலிழுப்பது எப்படி? அராபெல்லாவின் முதல் வலை அரைகுறைதான். சில நாளில் பழகி, ஓரளவு ஒழுங்கான வட்டம் கட்டிவிட்டது.

திரைப்படக்காரர்களுக்கு இருந்த சிக்கல் சிலந்தியின் சிக்கலுக்கு நேர் எதிர்: அரங்கின் கடைசி வரிசைக்கும் வலை தெரிந்தாக வேண்டும், சிலந்தியைப் பார்த்து யாரும் அலறவும் கூடாது. 1973 சார்லட்டுக்கு மனிதச் சாயலில் முகம் வந்தது. புத்தகத்துக்குப் படம் வரைந்த கார்த் வில்லியம்ஸ் அப்படி வரைவதையே ஒயிட் விரும்பியதில்லை. கார்ட்டூனில் அடிக்கடி கதையை நிறுத்திப் பாடியதும் அவருக்கு ரசிக்கவில்லை. எனக்கு 2006 படம் பரவாயில்லை, கால் வைக்கும் விதத்திலாவது அது சிலந்தியாக இருந்தது.

கதையின் கடைசியில் சார்லட் 514 முட்டைகளைக் கூட்டில் பொதிந்துவிட்டுச் செத்துப்போகிறாள். குழந்தைகள் அழும் இடம். கொட்டகைச் சிலந்தியின் ஆயுளும் அவ்வளவுதான். இலையுதிர் காலத்தில் முட்டையிட்டுப் பெண் சாகும், குஞ்சுகள் வசந்தத்தில் வெளிவரும். வந்ததும் கதையில் வேலி மேல் ஏறி, தலைகீழாக நின்று, நூலை விட்டு, காற்றில் பறந்துபோகின்றன. இதில் கற்பனை துளியும் இல்லை. பீகிள் கப்பலில் போன டார்வின் 1832-இல் தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 60 மைல் தள்ளிக் கடலில் பாய்மரக் கயிறெல்லாம் குட்டிச் சிலந்திகளாக மொய்த்ததைப் பார்த்தார். நூல்கள் ஒன்றையொன்று விலக்கி விரிந்து நின்றதையும் குறித்துவைத்தார். மின்னூட்டம் காரணமோ என்ற கேள்வி அப்போதே இருந்தது. 2018-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் காற்று அசையாத பெட்டிக்குள் சிலந்திகளை விட்டு, வானிலை தெளிவாக இருக்கும் நாளில் வளிமண்டலத்தில் இருக்குமளவு மின்புலத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலந்திகள் கால் நுனியில் எழும்பி நின்று, வயிற்றை உயர்த்தி நூல் விட்டன, சில மேலெழும்பவும் செய்தன. மின்புலத்தை அணைத்ததும் கீழே இறங்கின. காற்றும் வேண்டும்தான், ஆனால் காற்று மட்டும் அல்ல.

ஒயிட்டுக்கு இந்தக் காட்சி வந்த வழியும் தெரிந்ததுதான். மெய்ன் மாநிலத்தில் தன் கொட்டகையில் ஒரு சிலந்தி முட்டைக்கூடு பின்னுவதைப் பார்த்தவர், நியூயார்க் கிளம்பும்போது கூட்டைச் சவரக் கத்தியால் அறுத்து, மிட்டாய் டப்பாவில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி எடுத்துப்போனார். படுக்கையறையில் கண்ணாடி மேஜை மேல் வைத்துவிட்டு மறந்தும் போனார். சில வாரம் கழித்துப் பார்த்தால் ஓட்டை வழியாகக் குஞ்சுகள் வந்துகொண்டிருக்கின்றன. மூடிய அறையில் பறக்க எங்கே வழி? சீப்பு, தலைவாரும் பிரஷ், நகக்கத்தரி, கண்ணாடி என்று எது கிடைத்ததோ அதற்கெல்லாம் நூல் கட்டிவிட்டன. வீட்டைச் சுத்தம் செய்ய வந்த பெண்மணி அந்த மேஜைப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லும்வரை ஒயிட் அவற்றைக் கலைக்கவில்லை.