சன்ஸ்கிரீன் இரத்தத்தில் கலப்பது உண்மைதானா?

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகளை நீச்சல் வகுப்புக்கு அனுப்பும் செங்காங் வாசகி ஒருவர், சன்ஸ்கிரீனால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியொன்றை அனுப்பி, “பூசிய அன்றே இரத்தத்தில் கலந்துவிடுமாம், பிள்ளைக்குப் பூசலாமா?” என்று கேட்டிருக்கிறார். அந்தச் செய்தியின் முற்பாதி உண்மை. அதைக்கொண்டு புற்றுநோய் வரும் என்று முடிப்பதுதான் பிழை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட சோதனையில், 24 பேர் உடற்பரப்பின் முக்கால் பங்கில் நாளுக்கு நான்கு முறை, நான்கு நாள்கள் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டனர். ஒருமுறைக்கு ஏறத்தாழ 26 கிராம். நாம் வாங்கும் 50 மில்லி குப்பி இரண்டு பூச்சிலேயே காலியாகிவிடும். சோதித்த நான்கு வேதிப்பொருள்களும் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்ற அளவைத் தாண்டின. அவற்றுள் ஒன்றான ஆக்ஸிபென்சோன் நூறு நானோகிராமையும் கடந்தது. இந்த 0.5 என்பது, அதற்கு மேற்பட்டால் நச்சுத்தன்மைச் சோதனைகளைச் செய்துகாட்டு என்று நிறுவனங்களிடம் கேட்பதற்கான எல்லை. தாண்டினாலே தீங்கு என்று அதற்குப் பொருளில்லை.

தோலின் மேற்படலத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. உலர்ந்த முன்கையில் செலோடேப்பை அழுத்தி ஒட்டிப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மங்கிய வெண்படிவம் தெரியும். அவை இறந்துபோன தட்டையான செல்கள். அவை பதினைந்து, இருபது அடுக்குகளாகச் செங்கல்போல் அடுக்கப்பட்டிருக்க, செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் சேர்ந்த கொழுப்புச் சாந்து இடைவெளிகளை நிரப்புகிறது. உள்ளே வரும் மூலக்கூறு பெரும்பாலும் செங்கல்லைத் துளைப்பதில்லை. சாந்து வழியே வளைந்து வளைந்து, படலத்தின் தடிமனைவிடப் பல மடங்கு தூரம் நடந்தாக வேண்டும். அந்த வழியில் நடக்க, கொழுப்பில் கரைய வேண்டும், உருவமும் சிறிதாக இருக்க வேண்டும். மூலக்கூறு எடை 500 டால்டனை (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு) தாண்டிவிட்டால் நுழைவது கடினம் என்பது தோல் ஆய்வாளர்களின் கைக்கணக்கு. ஆக்ஸிபென்சோனின் எடை 228. எண்ணெயில் அது எளிதில் கரைவது களிம்பு தயாரிப்பவருக்கு வசதி. அதே குணந்தான் அதைச் சாந்துக்குள்ளும் இழுத்துச்செல்கிறது. 628 எடையுள்ள பெமோட்ரிசினால் என்ற இன்னொரு சன்ஸ்கிரீன் வேதிப்பொருளோ பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆய்வாளர்களும் டேப்பைத்தான் நம்புகிறார்கள்: பூசிய இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பிரித்து, எத்தனையாவது டேப்பில் எவ்வளவு வேதிப்பொருள் என்று அளக்கிறார்கள்.

சில சன்ஸ்கிரீன்களில் சேரும் துத்தநாக ஆக்சைடு கரையாத தூள். அதன் கதை வேறு. துத்தநாகம்-68 என்ற ஐசோடோப்பால் (எடையில் வேறுபட்ட துத்தநாக வகை) அடையாளமிட்ட களிம்பை ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஐந்து நாள்கள் பூசிக்கொண்டவர்களின் இரத்தத்தில் அது தென்பட்டது உண்மைதான். ஆனால் உடலில் ஏற்கெனவே உள்ள துத்தநாகத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

ஆக்ஸிபென்சோன் சிறுநீரில் வெளிப்படுவதை ஆஸ்திரேலியர்கள் 1997-இலேயே காட்டியிருந்தும், ஓர் அரசு அமைப்பு இரத்தத்தில் முறையாக அளந்துபார்க்க 22 ஆண்டுகள் ஆயின. விற்பவருக்கு ஆதாயமில்லாத இத்தகைய ஆய்வுகளுக்குப் பொதுப்பணத்தைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் உடற்பூச்சுகளில் ஆக்ஸிபென்சோனை 2.2 விழுக்காட்டுக்குக் குறைத்தது.

இனி வாசகியின் கேள்விக்கு வருகிறேன். சிங்கப்பூரில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடுவது புதிதில்லை. “நம் கறுப்புத் தோலை வெயில் ஒன்றும் செய்யாது” என்று உறவினர் சொன்னாலும், தோலின் நிறமியான மெலனின் கதிரைக் குறைக்குமே தவிர முழுதும் தடுக்காது. நீளக்கை நீச்சலுடை அணிவியுங்கள். பூச வேண்டிய பரப்பு குறைந்தால் உள்ளே போவதும் குறையும். முகம், கழுத்து, புறங்கை ஆகியவற்றில், நீரில் இறங்குமுன் உலர்ந்த தோலில், துத்தநாக ஆக்சைடு களிம்பைப் பூசுங்கள். முகம் வெள்ளையாகத் தெரிகிறதென்று மகள் முறையிடக்கூடும். துகள்கள் பெரும்பாலும் உள்ளே போகாமல் மேலேயே தங்கி, ஒளியைச் சிதறடிப்பதால் தெரியும் வெள்ளைதான் அது.